கைப்பிரேக் ஏன் பிடிக்கவில்லை?

மூணாறு ஒரு மலை ஊர். கேரளத்தில் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தோட்ட வேலைக்கு என்று தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள் பல தலைமுறையாக அங்கே வாழ்கின்றன. அந்தப் பக்கத்தில் சமமான சாலையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். ஒரு பக்கம் மலை. மறுபக்கம் பள்ளம்.

இப்படிப்பட்ட ஊரில் வண்டி ஓட்டுவதற்குக் கவனம் வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவதற்கும் அதே அளவு கவனம் வேண்டும்.

அங்கே ஓர் ஓட்டுநரிடம் மாருதி ஆம்னி வேன் ஒன்று இருக்கிறது. பழைய வண்டி. இந்த வகை வேன் 1984-இல் முதலில் வந்தது. 2019-இல் கம்பெனி இதைச் செய்வதை நிறுத்திவிட்டது. ஆனாலும் நம் நாட்டுச் சாலைகளில் இன்னும் நிறைய ஓடுகிறது. காலையில் தோட்டத்துக் குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போவார். பகலில் காய்கறி மூட்டை ஏற்றுவார்.

அவர் வேனில் முன் சீட்டுக்குக் கீழே ஒரு கருங்கல் கிடக்கும். எதற்கு? கைப்பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. மேட்டில் வண்டியை நிறுத்தினால், பெரிய பையன் ஒருவன் கல்லோடு கீழே குதிப்பான். பின் சக்கரத்துக்கு அடியில் கல்லை வைப்பான். பிறகுதான் மற்றக் குழந்தைகள் இறங்குவார்கள். அந்தப் பையனுக்கு வயது 11. அவனுக்கு அதில் பெருமை வேறு!

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் கல் சேற்றில் வழுக்கிவிட்டது. வேன் இரண்டு முழம் பின்னால் உருண்டு மண் திட்டில் முட்டி நின்றது. பையன் கையை எடுத்துவிட்டான். நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. அன்றைக்கே ஓட்டுநர் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனார்.

சட்டமும் இதைப் பற்றிச் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது. அதில் 126-ஆம் பிரிவைப் பாருங்கள். பொது இடத்தில் வண்டி நின்றால், லைசென்ஸ் உள்ள ஒருவர் ஓட்டுநர் சீட்டில் இருக்க வேண்டும். அவர் இறங்க வேண்டுமானால், எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டு, அல்லது வேறு வகையில் வண்டி தானாக நகராதபடி செய்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அவசரத்துக்குக் கல் வைப்பதில் தவறில்லை. பிரேக்குக்குப் பதிலாக மாதக் கணக்கில் கல்லை நம்புவது தவறு. அதையும் ஒரு குழந்தை கையில் கொடுப்பது பெரிய தவறு.

இரண்டு பிரேக், இரண்டு வழி

ஆம்னி வேனில் பின் சக்கரங்கள் இரண்டிலும் டிரம் பிரேக் இருக்கிறது. டிரம் என்பது இரும்புச் சட்டி போன்றது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். அதற்குள்ளே பிறை நிலா போல வளைந்த இரண்டு துண்டுகள் இருக்கும். அவைதான் பிரேக் ஷூ. ஷூவின் மேல் லைனிங் ஒட்டியிருக்கும். ஷூக்கள் விரிந்து டிரம்மின் உள்பக்கத்தை அழுத்தினால் சக்கரம் நிற்கும்.

ஷூவை விரிப்பது யார்? காலால் பிரேக்கை மிதித்தால் பிரேக் ஆயில் விரிக்கும். கையால் கைப்பிரேக்கை இழுத்தால் கேபிள் விரிக்கும். கேபிள் என்பது எஃகுக் கம்பி வயர். கைப்பிடியில் தொடங்கும் இழுப்பு, வண்டியின் அடிப்பக்கமாக இரண்டு பின் சக்கரங்களுக்கும் போகிறது. டிரம்முக்குள் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். கேபிளின் நுனி அதில் மாட்டியிருக்கும்.

ஆயில் ஒரு வழி. வயர் ஒரு வழி. ஆயில் கசிந்து கால் பிரேக் போய்விட்டாலும் கைப்பிரேக் வேலை செய்யும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு வழியும் போய்ச் சேருவது அதே ஷூவுக்குத்தான். ஷூ தேய்ந்துவிட்டால் புது கேபிள் போட்டும் பயன் குறைவு.

வயர் ஏன் அறுந்தது?

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் வேனுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். இடது பக்கத்துக் கேபிள் அறுந்து தொங்கியது.

"வயர்தானே அண்ணே? அதை மட்டும் மாற்றிக் கொடுங்க" என்றார் ஓட்டுநர்.

"வயர் போனது இப்போ தம்பி. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு சொல்லு. கைப்பிரேக்கை எத்தனை தடவை டைட் வெச்சே?"

ஓட்டுநர் யோசித்தார். "மூணு தடவை இருக்கும். தூக்கத் தூக்க மேலேயே வந்துச்சு. கைப்பிடிக்குக் கீழே இருக்கிற நட்டை முறுக்கினேன். சரியாப் போச்சு."

"சரியாப் போகலை. மூடி மறைச்சிட்டே."

மெக்கானிக் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஓட ஓட லைனிங் தேயும். லைனிங் தேய்ந்தால் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடும். பல வண்டிகளில் இந்த இடைவெளியைத் தானாகச் சரி செய்துகொள்ளும் சிறு அமைப்பு டிரம்முக்குள் இருக்கிறது. சேறும் துருவும் பிடித்தால் அது அசையாது. அப்போது கைப்பிரேக்கை நிறையத் தூக்க வேண்டி வரும். உடனே பலரும் செய்வது கேபிளை டைட் வைப்பதுதான். அது 10 நிமிட வேலை, செலவும் இல்லை. ஆனால் தேய்ந்த ஷூ தேய்ந்தபடியே இருக்கும். கேபிள் எப்போதும் இழுத்த நிலையிலேயே இருக்கும்.

மிச்ச வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். கேபிளில் உள் வயர் மெல்லிய கம்பிகளை முறுக்கிச் செய்தது. அதன் மேல் உறை இருக்கும். கல் பட்டோ, வளைந்த இடத்தில் உரசியோ உறை கிழிந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போகும். மூணாறு மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே துரு பிடிக்கும். கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். வெளியே எதுவும் தெரியாது. கடைசிக் கம்பிகள் ஒரு நாள் சேர்ந்து அறுந்துபோகும்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா? முடியும். கைப்பிடி முன்பைவிட அதிகம் மேலே வருகிறதா? இழுக்கும்போது கரகர என்று உரசுகிறதா? இறக்கிய பிறகும் பின் சக்கரம் சூடாகிறதா? சூடானால், கேபிள் துருவேறி உறைக்குள் சிக்கியிருக்கலாம். இதில் எது இருந்தாலும் அடியில் படுத்து உறையைப் பார்ப்பது நல்லது.

அறுந்த வயரை முடிச்சுப் போடுவது, கிளாம்பு வைத்து இறுக்குவது, வெல்டிங் வைப்பது எல்லாம் சில இடங்களில் நடக்கிறது. சைக்கிள் கேரியருக்கு அது போதும். ஒன்பது குழந்தைகள் ஏறும் வண்டிக்கு ஆகாது.

வாங்கும்போது படித்துப் பார்க்க வேண்டும்

மெக்கானிக் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஓட்டுநர் உதிரி பாகக் கடைக்குப் போனார். பெட்டியின் மேல் எழுதியிருந்ததை அவரே எழுத்துக் கூட்டிப் படித்தார். வண்டியின் பெயர், எந்த ஆண்டு மாடலுக்கு உரியது, இடது பக்கமா வலது பக்கமா, அதிகபட்ச விலை எவ்வளவு. இடது கேபிளும் வலது கேபிளும் பல வண்டிகளில் நீளத்தில் வேறுபடும். மாற்றி வாங்கினால் மாட்ட முடியாது. பழைய கேபிளைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. போலிச் சரக்கும் கடைகளில் உண்டு. பில் கேட்டு வாங்கினால், சரக்கு சரியில்லை என்றால் திரும்பிப் போய்க் கேட்கலாம்.

காசு பற்றியும் ஒரு வார்த்தை. கேபிளை ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டு, மறுபக்கத்தை அடுத்த மாதம் பார்க்கலாம். அதன் உறை நன்றாக இருந்தால் பெரிய தவறில்லை. ஷூவில் மட்டும் அந்தச் சிக்கனம் கூடாது. ஒரு பக்கம் புது ஷூ, மறுபக்கம் தேய்ந்த ஷூ என்று போட்டால், பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மலைச் சாலையில் எந்தப் பக்கம் இழுத்தாலும் கெடுதல்தான். ஆகவே இரண்டு பின் சக்கரங்களுக்கும் சேர்த்து 4 ஷூ வாங்க வேண்டும்.

தூக்கும் முன்

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்து இருக்கும் இடம் இதுதான். மெதுவாகப் படியுங்கள்.

சாதாரணமாக வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கும்போது, கைப்பிரேக் போட்டு, கியரிலும் வைப்போம். இங்கே கைப்பிரேக் இல்லை. சரி, கியர் பிடிக்காதா? ஆம்னி வேனில் எஞ்சின் சுற்றுவது பின் சக்கரங்களை. கியரில் நிறுத்தினால் அது பிடித்துக்கொள்வதும் பின் சக்கரங்களைத்தான். இப்போது அதே பின் சக்கரத்தைத்தான் தூக்கப் போகிறோம். ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினாலும், தரையில் இருக்கும் மற்றச் சக்கரம் உருண்டுபோக முடியும். காற்றில் இருக்கும் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றி அதற்கு இடம் கொடுத்துவிடும். ஆக, வண்டியைப் பிடிக்க எதுவும் இல்லை.

அதனால்தான் மெக்கானிக் வண்டியைச் சமமான சிமெண்ட் தரைக்குத் தள்ளச் சொன்னார். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்தார். மொத்தம் 4 கட்டைகள். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்தினார். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, அச்சுக்கு அடியில் இரும்பு ஸ்டேண்ட் இரண்டை வைத்து இறக்கினார். கையால் உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை. அதன் பிறகுதான் உள்ளே கை வைத்தார்.

வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டேண்டுக்குப் பதிலாகச் செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கவும் கூடாது. அவை பார்க்கப் பலமாக இருக்கும், திடீரென்று நொறுங்கும்.

டிரம்முக்குள்ளே

கைப்பிடியை முழுக்க இறக்க வேண்டும். கேபிள் நட்டையும் நன்றாகத் தளர்த்த வேண்டும். பிறகு சக்கரத்தைக் கழற்றினால் டிரம் தெரியும். பழைய டிரம் லேசில் வராது. சுத்தியால் ஓங்கி அடித்தால் விரிசல் விடும். டிரம்மின் முகத்தில் மரை உள்ள இரண்டு ஓட்டைகள் இருக்கும். அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளை மாட்டி, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். டிரம் தானே வெளியே தள்ளப்படும்.

டிரம் வந்ததும் உள்ளே கறுப்புத் தூள் நிறைய இருந்தது. ஒர்க்‌ஷாப் பையன் காற்றுக் குழாயை எடுத்து வந்தான். "அதை வை. ஈரத் துணி கொண்டா" என்றார் மெக்கானிக்.

இந்த அதட்டல் தேவையானது. பழைய வகை லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் கலந்திருந்தது. எந்தப் பெட்டியில் வந்த லைனிங்கில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கல்நார்த் தூசி மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும். நோய் வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆகும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காற்றடித்தால் தூசி ஒர்க்‌ஷாப் முழுவதும் பறக்கும். அதனால் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும். வாயால் ஊதவும் கூடாது. பையன்கள் இந்த வேலையில்தான் தொழில் பழகுகிறார்கள். அவர்கள் நுரையீரலும் இதில் இருக்கிறது.

லைனிங்கைப் பார்த்தார்கள். நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தின் கனம்கூட இல்லை. அந்த அளவுக்கு வருவதற்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும். வீல் சிலிண்டரின் ரப்பரை விலக்கி, ஆயில் கசிகிறதா என்றும் பார்த்தார்கள். கசிந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். எண்ணெய் பட்ட ஷூ புதிதாக இருந்தாலும் பிடிக்காது, வழுக்கும். டிரம்மின் உள்பக்கம் விரலால் தடவினால் வழவழப்பாக இருக்க வேண்டும். ஆழமான கோடுகள் விழுந்திருந்தால் கடைசலுக்குக் கொடுக்கலாம், அல்லது டிரம்மையே மாற்ற வேண்டி வரும்.

இப்போது ஒரு முக்கிய யோசனை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிரித்துப் போடக் கூடாது. ஒரு பக்கத்தை முடித்த பிறகே அடுத்த பக்கம். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது என்று மறந்துபோனால், பிரிக்காத பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஓட்டுநர் அது போதாது என்று நோட்டுப் புத்தகத்தில் படமே போட்டுக்கொண்டார். போன் வைத்திருப்பவர்கள் போட்டோ எடுக்கலாம். ஆனால் எதிர்ப்பக்கம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக மாறியிருக்கும். அதை மறக்கக் கூடாது.

டிரம் வெளியே இருக்கும்போது யாரும் கால் பிரேக்கை மிதிக்கவே கூடாது. மிதித்தால் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே வந்துவிடும். ஆயில் கொட்டும். பிறகு அது தனி வேலை.

ஷூவைக் கழற்றுவதும் மாட்டுவதும் கைப்பழக்கம். ஸ்பிரிங் தெறித்தால் கண்ணில் படும். ஆகவே கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. கைப்பிரேக் நெம்புகோல் ஒரு ஷூவில் கிளிப் வைத்து மாட்டியிருக்கும். அதைப் பழைய ஷூவிலிருந்து எடுத்துப் புதிய ஷூவில் மாட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் உண்டு. துருப் பிடித்த சரிசெய்யும் அமைப்பைத் துடைத்து, அது தாராளமாக அசைகிறதா என்று பார்க்க வேண்டும். பின் தகட்டில் ஷூ உரசும் இடங்களில் கிரீஸ் மெல்லிசாகத் தடவலாம். லைனிங்கில் ஒரு பொட்டுக் கிரீஸ்கூடப் படக் கூடாது.

புதிய கேபிளை நெம்புகோலில் மாட்டி, பின் தகட்டின் ஓட்டை வழியாக வெளியே எடுத்து, பழைய கேபிள் போன அதே வழியில் கொண்டுபோக வேண்டும். அதே கிளிப்புகளில் மாட்ட வேண்டும். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் போனால் உறை உருகிவிடும். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது உரசினால் உறை கிழிந்துவிடும்.

பல் எண்ணுதல்

டிரம்மும் சக்கரமும் மாட்டியாயிற்று. வண்டி இன்னும் ஸ்டேண்டில்தான் நிற்கிறது. ஓட்டுநர் உடனே கேபிள் நட்டை முறுக்கப் போனார். பழைய பழக்கம் விடவில்லை.

"அவசரப்படாதே தம்பி. மொதல்ல ஷூ. அப்புறம்தான் வயர்."

இந்த வரிசை முக்கியம். முதலில் கால் பிரேக்கைப் பல முறை அழுத்தமாக மிதிக்க வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் அமைப்பு ஷூவை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுவரும். இடைவெளி சரியாகும். கையால் சரி செய்யும் வகை வண்டியானால், அதற்கான பல்லைத் திருப்பிச் சரி செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் கேபிள் நட்டு. முதலிலேயே கேபிளை இறுக்கினால், ஷூ சரியான இடத்துக்கு வரவே வராது.

கைப்பிரேக்கைத் தூக்கும்போது டக் டக் என்று சத்தம் வரும். ஒவ்வொரு சத்தமும் ஒரு பல். எத்தனையாவது பல்லில் பிடிக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டியின் கையேட்டில் அந்த எண் இருக்கும். முதல் பல்லிலேயே கெட்டியாகப் பிடித்தால் கேபிள் அதிக டைட். கைப்பிடி கடைசிவரை போனால் அதிக லூஸ்.

கைப்பிடியை முழுக்க இறக்கிவிட்டு, இரண்டு பின் சக்கரங்களையும் கையால் சுற்றிப் பார்த்தார்கள். தாராளமாகச் சுற்றின. தூக்கிவிட்டுச் சுற்றினார்கள். இரண்டும் அசையவில்லை. ஒன்று மட்டும் சுற்றினால் அந்தப் பக்கத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

பிறகு வண்டியை இறக்கிச் சக்கர நட்டுகளை முறுக்கினார்கள். சிறிய சரிவில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், ஓட்டுநர் கைப்பிரேக்கைப் போட்டுக் கியரை நியூட்ரலில் வைத்தார். காலை பிரேக்குக்கு மேலேயே தயாராக வைத்திருந்தார். பின்பு மெதுவாகக் காலை எடுத்தார். வேன் நின்றது.

புது ஷூ டிரம்மோடு பொருந்திப் படிய சில நாள் ஆகும். அதுவரை மெதுவாக ஓட்ட வேண்டும். படிந்த பிறகு பல் எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடலாம். அப்போது ஒருமுறை சரி பார்க்க வேண்டும். வண்டியைப் பல நாள் ஓட்டாமல் நிறுத்துவதானால், சமதரையில் நிறுத்திக் கியரில் வைத்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, கைப்பிரேக்கை இறக்கிவிடலாம். ஈரத்தில் அப்படியே போட்டு வைத்தால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

சரிவில் நிறுத்தும்போது கைப்பிரேக்கோடு கியரும் வேண்டும். வண்டி மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர். பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர். வண்டி உருண்டால் பள்ளத்துக்குப் போகாமல் மலைப்பக்கத் திட்டில் முட்டி நிற்கும்படி முன் சக்கரங்களைத் திருப்பி வைக்க வேண்டும்.

ஓட்டுநர் தம் நோட்டில் தேதியையும், மீட்டரில் இருந்த கிலோமீட்டரையும், பல் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டார். இப்போது 5-ஆவது பல்லில் பிடிக்கிறது. 8 ஆனால் நட்டைத் தொடப் போவதில்லை. டிரம்மைத் திறந்து பார்ப்பார்.